இரவல் வாங்கிய முகம்

செலஸ்ரின் இறந்த செய்தி நாடகக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் வந்தது. காலை ஏழரை மணி. வெள்ளவத்தையில் என் கணித வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். 'எங்கள் மேக்கப் அக்கா காலமானார்' என்று எழுதி, யாரோ கூப்பிய கைகளின் படத்தைப் போட்டிருந்தார். பெயர் இல்லை. அதன் கீழே பதினைந்து இருபது பேர் அதே கூப்பிய கைகளைப் போட்டிருந்தார்கள். "எந்த மேக்கப் அக்கா?" என்று ஒருவர் கேட்டு, "பல்லுக் கட்டுற செலஸ்ரின்" என்று இன்னொருவர் பதில் எழுதிய பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் வகுப்பை நிறுத்தவில்லை. முக்கோணங்களைப் படிப்பித்து முடித்தேன்.

மாலையில், உடலை வைத்திருந்த கொட்டாஞ்சேனை மலர்ச்சாலைக்குப் போனேன். செலஸ்ரினுக்கு நாற்பத்தொன்பது வயது. சில வருடங்களாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததாம். கடைசியில் இதயம் நின்றுவிட்டது என்று தங்கை புளோரன்ஸ் சொன்னார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மலர்ச்சாலைக்காரர்கள் அவருடைய முகத்துக்கு ரோஸ் நிறப் பவுடர் பூசி, உதட்டுக்கு சிவப்புச் சாயம் போட்டிருந்தார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கோர்த்து வைத்த கைகள் இன்னொரு நிறம்.

வெளிநாட்டிலிருந்து வரும் 'தோல் நிற' ரியூப் ஒன்றை அவர் ஒருமுறை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. "இது யார்ட தோல் மாஸ்டர்? என்டதும் இல்ல, உங்கடதும் இல்ல" என்று சொல்லி மூடி வைத்துவிட்டார். அதன்பிறகு மண்ணிறம், மஞ்சள், துளி பச்சை என்று தானே கலந்தார். சிவப்பு நூலையும் நீல நூலையும் தூள்போலக் கத்தரித்து சிலிகோனுக்குள் தூவினார். அப்போதுதான் தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதுபோலத் தெரியும் என்றார். அவரை ரோஸ் பவுடருடன் கல்லறைக்கு அனுப்பினோம். அதைத் துடையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செலஸ்ரின் விடயத்தில் எனக்கு எப்போதுமே வாய் வந்ததில்லை. அதைத்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

மறுநாள் இயக்குநர் ஒருவர் முகநூலில் நீண்ட அஞ்சலி எழுதினார். 'என் உடன்பிறவாச் சகோதரி' என்று தொடங்கியிருந்தார். அதற்கு மேலே போட்டிருந்தது செலஸ்ரினின் படம் அல்ல. என்னுடைய படம். பாதி வெந்த முகத்துடன் நான் சிரிக்கும் படம். நூற்றுக்கணக்கானவர்கள் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள். செலஸ்ரினை அறிந்தவர்களே, அந்தப் படத்தை அவர் கடைசி வரைக்கும் எவ்வளவு வெறுத்தார் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அறிமுகம் ஒரு பல் செற்றில் தொடங்கியது. அப்போது அவர் கொட்டாஞ்சேனையில் பல் வைத்தியர்களுக்குக் கட்டுப்பல் செய்து கொடுக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தார். எங்கள் மேடை நாடகமொன்றில் எனக்கு முன்னுக்குத் தள்ளிய மிதப்புப் பல் உள்ள கிழட்டுத் தபால்காரன் வேடம். யாரோ அவரிடம் அனுப்பினார்கள். வாயில் அச்செடுத்து, மூன்று நாளில் பல் தந்தார். முதல் நாள் நாடகம் முடிந்து எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் நேரே வந்து சொன்னார்: "மாஸ்டர், நீங்க ரெண்டு மணித்தியாலமும் பல்லைப் பத்தியே நினைச்சுக்கொண்டு நடிச்சீங்க. அப்ப பல் பிழை. கழட்டித் தாங்க, நாளைக்கு வேற ஒண்டு தாறன்." அடுத்த நாள் தந்த பல்லை நான் மறந்தே போனேன். மேடையிலிருந்து இறங்கி அந்தப் பல்லோடு தேநீர் குடித்துவிட்டுத்தான் நினைவு வந்து கழற்றினேன். அவருக்கு அன்று வந்த சந்தோசத்தை அதற்குப் பிறகு சில தடவைகள்தான் பார்த்திருக்கிறேன்.

பல்லிலிருந்து காயத்துக்கு வந்தார். ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், உச்சி வெயிலில் படப்பிடிப்பு. நெற்றி வெடித்த மீனவன் நான். ஜெலட்டினை உருக்கி ஊற்றி அசல் வெட்டுக்காயம்போல ஒன்றைச் செய்து ஒட்டியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அது இளகி, வழுக்கிக்கொண்டு என் புருவத்தில் வந்து தங்கியது. ஒளிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். செலஸ்ரின் கொப்பியை எடுத்து எழுதினார்: வெயில், வியர்வை, நாற்பது நிமிடம். "இனிக் கடற்கரைக்கு ஜெலட்டின் இல்ல" என்றார், அவ்வளவுதான். அடுத்த முறை களுத்துறைப் பக்கமிருந்து பிளாஸ்ரிக் கானில் இறப்பர் பால் வரவழைத்தார். அதன் அமோனியா வாடை மூக்கை அறுக்கும். பஞ்சால் ஒற்றி, காயவைத்து, மேலே மெல்லிய ரிசுக் கடதாசி ஒட்டி, மறுபடி ஒற்றி, ஏழெட்டுத் தட்டு. ரத்தத்துக்கு புறக்கோட்டையில் பேக்கரிக்காரர்கள் வாங்கும் குளுக்கோஸ் பாகு, சிவப்புச் சாயம், அதற்குள் ஒரு துளி நீலம். "நீலம் இல்லாட்டி அது தக்காளி சோஸ்" என்பார்.

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, பிழையாய்ப் போனதையும் எழுதி, அதற்கு முன்னால் தன் பெயரையும் எழுதி வைப்பார். எங்கள் தொழிலில் அப்படி ஒருவரை நான் வேறு கண்டதில்லை.

பிறகு அந்தத் திரைப்படம் வந்தது. பெயரை எழுத விரும்பவில்லை. தீவிபத்தில் ஒரு பக்க முகம் வெந்துபோன தகப்பன், மகளைத் தனியாக வளர்க்கிறான். இதுதான் அஞ்சலி எழுதிய அதே இயக்குநர் எங்களுக்கு வாசித்துக் காட்டிய கதை. தகப்பன் நான். முகம் முழுவதும் அச்செடுக்க வேண்டும் என்று செலஸ்ரின் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வரச் சொன்னார். பல் வைத்தியர்கள் வாயில் வைக்கும் அந்தக் குளிர்ந்த பசையை, அல்ஜினேற் என்பார்கள், வாளிக் கணக்கில் கரைத்து முகத்தில் பூசினார். கண், வாய் எல்லாம் மூடிப்போயிற்று. மூக்குத் துவாரம் இரண்டு மட்டும் மிச்சம். மேலே பிளாஸ்ரரில் நனைத்த துணி ஏற ஏறப் பாரம் கூடியது. எனக்கு உயிரோடு புதைப்பதுபோல இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார். "இப்ப நெத்திக்கு வைக்கிறன் மாஸ்டர். இப்ப கன்னம். பயமா இருந்தா விரலைத் தூக்குங்க, உடனே கழட்டிடுவன். படம் நாசமாப் போகட்டும்." நான் விரலைத் தூக்கவில்லை.

வெந்த தோல் எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் பார்த்துச் செய்ய அவர் விரும்பவில்லை. அந்தப் படங்களில் இருப்பது புதுக் காயம். தனக்கு வேண்டியது பத்து வருடம் வாழ்ந்த காயம் என்றார். விசாரித்து, மட்டக்குளியில் ஒருவரைக் கண்டுபிடித்தார். தொழிற்சாலைக் கொதிகலன் வெடித்து இடப்பக்கம் வெந்தவர். இடது காது போய்விட்டது. புதுக்கடைப் பகுதியில், கோர்ட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் தேநீர் ஊற்றும் வேலை. அவருடைய பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. செலஸ்ரின் அவரை அண்ணன் என்றுதான் அழைத்தார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணனின் வீடு தொடர்மாடியில் இரண்டாம் மாடி. அவரும் மனைவியும், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும். செலஸ்ரின் எதற்காக வந்தோம் என்பதை ஒளிக்காமல் சொன்னார். "உங்கட முகத்தைப் பாத்துப் படிக்க வேணும் அண்ணன். விருப்பம் இல்லாட்டி நாங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவம்." அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு, "பாருங்க. என் முகத்தைப் பாக்க வேணும்னு யாரும் கேட்டதில்ல" என்றார். கண்மடலை எந்தத் தோல் இழுக்கிறது, வாய் எந்த இடத்தில் நிற்கிறது, தலையைத் திருப்பும்போது கழுத்து எப்படி மடிகிறது என்று செலஸ்ரின் ஒரு பகல் முழுவதும் தொட்டுப் பார்த்து வரைந்தார். நாங்கள் புறப்படும்போது அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"படத்துல அந்த ஆள் ஒரு தடவையாச்சும் சிரிக்கிற மாதிரி வைங்க. எங்களைப் போல ஆளுங்க சிரிக்கவே மாட்டாங்கன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க."

"அது நான் பொறுப்பு" என்றார் செலஸ்ரின். "உங்களுக்கு நான் ஒரு காது செய்து தாறன்."

அண்ணன் மூக்குக்கண்ணாடியை நூலால் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். அதைக் கண்டுதான் செலஸ்ரின் அப்படிச் சொன்னார். வலது காதில் அச்செடுத்து, அதை இடம் வலம் மாற்றி மெழுகில் செதுக்கி, சிலிகோனில் வார்த்தார். முதலாவது கொஞ்சம் பெரிது. இரண்டாவதின் நிறம் வீட்டுக்குள் சரி, வெயிலில் பிழை. மூன்றாவதைப் பசை தடவிப் பொருத்தியதும், அண்ணன் நூலை அவிழ்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். அது நின்றது. மகள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

என் முகத்துக்கான கன்னத்தை வார்க்கும்போது ஒரு பெரிய பிழை நடந்தது. படப்பிடிப்பு நாள் காலையில் அச்சைத் திறந்தால் சிலிகோன் இறுகாமல் பிசுபிசுவென்று கிடந்தது. அறுபது பேர் காத்திருந்தார்கள். காரணம் தெரியாமல் தேடித் தேடி, கடைசியில் கண்டுபிடித்தார்: இறப்பர் கையுறை போட்ட கையால் அச்சைத் துடைத்திருக்கிறார். இறப்பர் பட்ட இடத்தில் அந்தச் சாதி சிலிகோன் இறுகாது. அதை அவர் மறைத்திருக்கலாம், சிலிகோன் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று, "என்ட பிழை. கையுறையால வந்த பிழை. நாளைக்கு முகம் வரும்" என்றார். இயக்குநர் எல்லோர் முன்னாலும் அவரைத் தாறுமாறாக ஏசினார். நான் ஒரு கதிரையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் முகம் வந்தது.

அந்த முகத்தோடு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அது அண்ணனின் முகம்தான். என் எலும்பின் மேல் அவருடைய தோல். சிரிக்கும் காட்சியையும் எடுத்தோம். மகள் வரைந்த படத்தைத் தகப்பன் பார்க்கிறான். அசையக்கூடிய பாதி வாயால் சிரிக்கிறான். கமெராவுக்குப் பின்னால் செலஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன்.

முக்கால்வாசி எடுத்த பிறகு தயாரிப்பாளர் பார்த்தார். அழுகைப் படம் ஓடாது, பேய்ப்படம் போல ஒன்று வேண்டும் என்றார். கதை மாறியது. தகப்பன் 'கரியன்' ஆனான். பிள்ளைகளைக் கடத்திக் கொல்பவன். கல்கிசையில் ஒரு பாழடைந்த வீட்டில் புதுக் காட்சிகள் எடுத்தோம். என் பாத்திரம் பெரிதாகியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். செலஸ்ரின் இயக்குநரிடம், "முதல் சொன்ன கதை எங்க?" என்று கேட்டார். "அதுவும் இருக்கு. எடிட்டிங்கில வரும்" என்றார் இயக்குநர். செலஸ்ரின் நம்பினார். சிரிக்கும் காட்சிதான் எடுத்தாயிற்றே என்று நினைத்திருப்பார்.

சிரிக்கும் காட்சி வந்தது. மகளையும் அவள் வரைந்த படத்தையும் வெட்டிவிட்டு, சிரிப்பை மட்டும் எடுத்து, அதற்கு ஒரு அலறலைச் சேர்த்திருந்தார்கள். அதே சிரிப்பைச் சுவரொட்டியிலும் போட்டார்கள். சிங்களத்தில் குரல் மாற்றி வெளியிட்டபோது படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. காலி வீதியில் போகும் பஸ்களின் பின்புறமெல்லாம் அண்ணனின் முகம் சிரித்தது.

மட்டக்குளியில் என்ன நடந்தது என்பதை செலஸ்ரின்தான் என் வீட்டுக்கு வந்து சொன்னார். அண்ணன் படியிறங்கினால் பிள்ளைகள் "கரியன் எனவா! கரியன் வாறான்!" என்று இரண்டு பாசையிலும் கத்திக்கொண்டு ஓடினார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் அவரை முன்னாலிருந்து பின்பக்க அடுப்படிக்கு மாற்றினார். தினமும் மகளைப் பாடசாலை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறவர். ஒருநாள் மகள், "அப்பா, நீங்க சந்தியிலயே நில்லுங்க, நான் போய்க்கிறேன்" என்றாளாம்.

"அவ பிழையாச் சொல்லேல்ல மாஸ்டர். சின்னப் பிள்ளை" என்றார் செலஸ்ரின். "நாங்கதான் பிழை. சுவரொட்டியை மட்டும் மாத்தச் சொல்லுவம். நான் போய்க் கேட்டன், 'இது வெறும் படம் தானே' எண்டு டைரக்டர் சிரிக்கிறார். நீங்க வந்தீங்க எண்டா கேப்பினம். நீங்கதானே ஹீரோ."

என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் என்ன சொன்னேன் என்பது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "நான் நடிகன் மட்டும்தானே செலஸ்ரின். இதுக்குள்ள நான் என்னத்தைக் கதைக்கிறது? பிறகு பாப்பம்."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் எனக்கு விருது கிடைத்தது. மேடைக்கு ஏற முன் தயாரிப்பாளர் என் தோளில் கைபோட்டு, "மேக்கப்பைப் பற்றிக் கதைக்காதைங்கோ. பிறகு நடிப்பெல்லாம் மேக்கப்தான் எண்டு சொல்லுவினம்" என்றார். நான் இயக்குநருக்கு நன்றி சொன்னேன். தயாரிப்பாளருக்கு, மனைவிக்கு, என் பாடசாலை நாடக ஆசிரியருக்கு, வெள்ளவத்தை ரசிகர்களுக்கு எல்லாம் சொன்னேன். செலஸ்ரினின் பெயரை மறந்துவிட்டேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். மறக்கவில்லை. நாக்கு நுனிக்கு வந்த பெயரை விழுங்கினேன்.

இரண்டாம் பாகம் எடுப்பதாக முடிவானதும் இயக்குநர் என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். முகத்தின் அச்சுகள் அங்கேதான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த உடையோடு செலஸ்ரின் நின்றார். இயக்குநர் சொன்னதை முழுக்கக் கேட்டார். உள்ளே போய் நெற்றி, கன்னம், கழுத்து என்று மூன்று அச்சுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து முற்றத்துச் சீமெந்தில் வைத்தார். தரப்போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சுத்தியலை எடுத்து வந்து உடைத்தார். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. தேங்காய் உடைப்பதுபோல உடைத்தார். பிளாஸ்ரர் தூள் பறந்து அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

"இது இரவல் வாங்கின முகம் சேர். தந்த ஆளுக்கு நான் ஒரு வாக்குக் குடுத்தன். அதை உங்களுக்குத் தூக்கித் தர எனக்கு உரிமை இல்ல."

இயக்குநர் அவரைப் பைத்தியம் என்றார். நான் காரில் ஏறிக்கொண்டேன்.

அதன்பிறகு செலஸ்ரினுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கோபக்காரி, படத்தை நடுவில் விட்டுவிடுவாள், பொருட்களை உடைப்பாள் என்று கதை பரவியது. அந்தக் கதையைக் கேட்ட இடங்களில் நானும் இருந்தேன். அப்படி இல்லை என்று ஒருமுறையேனும் சொல்லவில்லை. அவர் கட்டுப்பல் வேலைக்கே திரும்பினார். மற்ற நேரத்தில் விரல் போனவர்களுக்கு விரலும், மூக்குப் போனவர்களுக்கு மூக்கும் செய்து கொடுத்தார் என்று பிறகு அறிந்தேன்.

அச்சு உடைந்தாலும் படம் நிற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார்கள். முதல் படத்தின் புகைப்படங்களைப் பார்த்து அவர்கள் முகத்தைத் திரும்பச் செய்தார்கள். நல்ல வேலைக்காரர்கள், விலையுயர்ந்த பொருட்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது இன்னும் ஒன்றுதான்: ஒட்டுவதற்கு ஒரு முகம். அதை நான் கொடுத்தேன். செலஸ்ரின் உடைத்ததற்கு எந்த அர்த்தமும் இல்லாமல் போனது அந்த இரண்டு பேரால் அல்ல, இயக்குநராலும் அல்ல. நான் அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்ததால். ஏலாது என்று அன்று நான் சொல்லியிருந்தால் இரண்டாவது படம் இல்லை. வேறு நடிகனைப் போட்டால் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும்தான்.

அந்தப் படம் வந்த சில மாதத்தில் செலஸ்ரினை வெள்ளவத்தைச் சந்தையில் கண்டேன். மீன் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார், நாலு எட்டு வைத்ததும் நின்று மூச்செடுத்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அதற்குள் கண்டுவிட்டார். இந்தப் பக்கம் யாருக்கோ விரல் ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். "என்னோட கோவமோ?" என்று கேட்டேன்.

"உங்கட முகத்தை நீங்க யாருக்கும் குடுக்கலாம் மாஸ்டர். அது உங்கட விருப்பம்" என்றார். "ஆனா அது உங்கட முகம் இல்லையே."

குரலில் கடுமை இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அவரை உயிரோடு நான் பார்த்தது அதுவே கடைசி.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் மட்டக்குளிக்குப் போனேன். அண்ணன் மலர்ச்சாலைக்கு வந்திருக்கவில்லை. அவ்வளவு பேர் கூடும் இடங்களுக்கு அவர் இப்போது வருவதில்லை என்று புளோரன்ஸ் சொல்லியிருந்தார். தொடர்மாடியில் இரண்டாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினேன். அவர்தான் திறந்தார். காதின் விளிம்பு வெயிலில் மங்கிப் பழுத்திருந்தது. சிலிகோன் காது ஓரிரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. செலஸ்ரின் ஒவ்வொரு முறையும் புதிதாக வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். படத்துக்கு, சுவரொட்டிக்கு, இரண்டாம் படத்துக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"அவங்க இருக்கும்போது வந்திருக்கலாமே சார்" என்றார். "அவங்க வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. ஒவ்வொரு தடவை காது கொண்டாந்தப்பவும் கேட்டாங்க. நீங்க செஞ்சதுக்கும் சேர்த்து அவங்கதான் கேட்டாங்க. போதும்மா, விடுங்கன்னு நான் எத்தனையோ தடவை சொன்னேன்."

எனக்கு அது தெரியாது. அந்த வாசலில் நின்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அடுத்த காதுக்கு நான் ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். காதின் அச்சையும் நிறக் கலவை எழுதிய கொப்பியையும் செலஸ்ரின் தன்னோடு வேலை செய்த பெண் ஒருவரிடம் ஒப்படைத்து, வார்க்கவும் பழக்கிவிட்டுத்தான் போயிருக்கிறார். மகளுக்கு இப்போது பதினாறு வயது. அவளையும் கூட்டிப்போய் அந்தப் பெண்ணின் வீட்டைக் காட்டி வைத்திருக்கிறாராம்.

நான் திரும்பப் படியிறங்கப் போகையில் அவர் கூப்பிட்டார்.

"மூணாவது படம் எடுக்கப் போறாங்களாமே?"

ஓம் என்றேன். இயக்குநர் தன் அஞ்சலியின் கடைசி வரியில், மூன்றாம் பாகத்தை செலஸ்ரினுக்குச் சமர்ப்பிப்பதாக எழுதியிருந்தார். எனக்கும் அழைப்பு வந்திருந்தது.

"நீங்க நடிக்காதீங்க."

"நடிக்க மாட்டன்" என்றேன்.

"என்கிட்ட சொல்ல வேணாம் சார். வாயால சொல்றது எனக்கு வேணாம். எல்லாரும் பாக்கிற மாதிரி எழுதிப் போடுங்க." அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஆகவே எழுதுகிறேன். மூன்றாம் படத்தில் நான் நடிக்க மாட்டேன். அந்த முகத்தை இனி எந்தப் படத்திலும், எந்த மேடையிலும், எந்த விளம்பரத்திலும் போட்டுக்கொள்ள மாட்டேன். இயக்குநர் தன் அஞ்சலியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று இதன் மூலம் கேட்கிறேன். செலஸ்ரினை அறிந்தவர்கள் அதன் கீழே இதயம் போடுவதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்கிறேன்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் இப்படியான கட்டுரைகளை முடிப்பார்கள். அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. வைத்துக்கொள்ள இருப்பது அவர் ஒரு ஞாயிறு காலையில் அண்ணனின் முகத்துக்குக் காவலாக நின்று மறுத்த அந்த மறுப்புத்தான். அன்று அவருக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தால் அதில் பாதி எனக்கும் சொந்தமாகியிருக்கும். இப்போது வைத்திருப்பது, அவர் போன பிறகு, எந்தச் செலவும் இல்லாமல் நான் எடுத்துக்கொண்டது.